பின்கட்டுக்கு எட்டிய குரல்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தோர்க்கு மணியோசை புதிதன்று. சுரங்கத்தின் அடித்தளத்தில் நிற்பவர் மணியடிப்பார்; மேலே சுரங்க வாயிலில் நிற்பவர் அதனைக் கேட்டு, கூண்டை இழுக்கும் எந்திர ஓட்டுநருக்குத் தம் மணியால் அறிவிப்பார். இடையில் அவர் இல்லையேல் கீழுள்ளவரின் குறிப்பு உரிய இடத்தை அடையாது. நந்திதுர்க் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்த நம் தந்தையார் நம் இளமையில் சொன்ன செய்தி இது. அதன் பொருள் நம் வீட்டினுள்ளேயே விளங்கும் என்று அன்று நாம் எண்ணவில்லை.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் தமிழர் பலர்க்கு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் புகைவண்டியே பிழைப்புக்கு வழியாயிற்று. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக உள்ள நாமும் அவ்வண்டியில் விடியலில் ஏறி இரவில் இறங்குபவரே. தங்கையோ மணமாகிச் சிங்கப்பூரில் வாழ்கிறாள். ஞாயிறுதோறும் அவள் மகள் தாத்தாவைக் கைப்பேசித் திரையில் அழைப்பாள்.

நுரையீரல் தளர்ந்த தந்தையார் பின்கட்டு அறையை விட்டு எழுந்து வருவது அரிது. இணைய அலையைப் பரப்பும் ரூட்டரோ முன்கூடத்தில் இருந்தது. இடையே இரண்டு கருங்கற் சுவர்கள். பேத்தியின் முகம் திரையில் தோன்றும், உடனே அசைவற்று நிற்கும், குரல் அறுபடும். ஒரு ஞாயிறன்று கைப்பேசியைத் தலையணையருகே வைத்துவிட்டு, "பிள்ளைக்கு எங்கூடப் பேச விருப்பமில்ல போலிருக்கு. பாதியிலேயே வச்சிடுறா" என்றார். அச்சொல் நம் நெஞ்சைச் சுட்டது.

பாறையின் இயல்பைத் தங்கவயலார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞரும் நியூட்ரினோத் துகளின் தடத்தைக் கண்டனர். விண்ணிலிருந்து வரும் பிற கதிர்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் தடையின்றி ஊடுருவும் என்பதனாலேயே அவர்கள் இவ்வூரைத் தேடி வந்தனர். நம் வீட்டு ரூட்டரின் அலைக்கு அவ்வாற்றல் ஏது? 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆயினும் சுவரில் எளிதில் தளரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மிகுதியாக ஊடுருவும். நம் கற்சுவர்களைக் கடக்க அதுவும் திணறிற்று.

பரண்மேல் கிடந்த பழைய ரூட்டர் நினைவுக்கு வந்தது. அலையை வாங்கி மறுபடி பரப்பும் கருவிகளும் உண்டு. ஒரே அலைவரிசையில் வாங்கவும் வழங்கவும் நேர்ந்தால் அவற்றின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆதலின் முன்கூடத்திலிருந்து பின்கட்டு வரை கம்பியே இழுத்தோம். ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை செல்லலாம்.

முதல் முயற்சி தோற்றது. இரு ரூட்டர்களும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரியைத் தாங்கி, வீட்டுக் கருவிகளுக்குத் தத்தம் விருப்பப்படி முகவரி வழங்கத் தலைப்பட்டன. முன்கூடத்திலும் இணையம் அற்றுப்போயிற்று. ஒரு வீட்டிற்கு இரு தலைவர் ஆகுமா? பின்னர் இரண்டாவதன் முகவரியை 192.168.1.2 என மாற்றினோம். முகவரி வழங்கும் டிஎச்சிபி என்னும் பணியை அதில் நிறுத்தினோம். கம்பியை 'வான்' துளையில் அன்றி 'லான்' துளையில் செருகினோம். இரண்டிற்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒன்றோடொன்று மோதாதிருக்க அலைவரிசை மட்டும் முன்னதற்கு 1, பின்னதற்கு 6.

அடுத்த ஞாயிறன்று பேத்தியின் முகம் தெளிவாக நின்றது. "பொட்டி ரெண்டு எதுக்குப்பா?" என்று தந்தையார் வினவ, விளக்கினோம். சற்றுச் சிந்தித்தவர், "மேல நின்னு மணியடிக்கிற ஆளுன்னு சொல்லு" என்றார். "யார் தாத்தா அது?" என்றாள் பேத்தி. அன்று நந்திதுர்க் சுரங்கத்தின் கதை அரைமணி நேரம் நீண்டது. தன் தாத்தா மண்ணுக்கடியில் உழைத்தவர் என்பதை அக்குழந்தை அன்றுதான் முழுதாக அறிந்தாள்.

அயலூரில் வாழும் அன்பர்களே! ஊரிலுள்ள பெற்றோர் பேச்சைச் சுருக்கிக்கொண்டால் மனத்தாங்கல் என்று முடிவு கட்டாதீர்கள். அவர்கள் படுத்திருக்கும் அறைவரை அலை எட்டுகிறதா என்று முதலில் கேளுங்கள். கடலைக் கடந்து வந்த குரல் நம் வீட்டில் ஒரு சுவரருகே நின்றுவிட்டது. அதனை நாம் அறியவே ஓராண்டு ஆயிற்று.