சவேரியார் ஊரிலிருந்து வந்த விருந்தாளி

சென்ற ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், சவேரியார் நவநாள் தொடங்கியிருந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் அறைவீட்டிற்கு வந்தார். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் பென்சிலால் ஆறு இடங்களின் பெயர்களை எழுதியிருந்தார்: பெரிய கோபுரம், பால்கோவாக் கடை, அய்யனார் கோயில் அருவி, காந்தி கலை மன்றம், வேட்டை நாய், செண்பகத்தோப்பு.

"சாமி, சனியும் ஞாயிறும் எங்களோடு வரவேண்டும். அந்தப் பிள்ளை பேசுவது எனக்கு விளங்காது, நான் பேசுவது அதற்கு விளங்காது. எங்கள் மகள் சொல்லிக்கொடுப்பாள்தான். ஆனாலும் நீங்கள் இருந்தால் எனக்கு ஒரு தெம்பு" என்றார்.

அந்தப் பிள்ளை யார் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். நெசவாளரின் மகள் மதுரையில் கல்லூரி மாணவி. ஸ்பெயின் நாட்டுப் பாம்பலோனா நகரிலிருந்து ஒரு பருவம் பயில வந்த மாணவி, விடுதியில் அவளுக்குத் தோழி. ஐரோப்பிய நாடுகள் தம் மாணவர்கள் ஒருவர் நாட்டில் மற்றவர் சென்று படிக்கும்பொருட்டு 1987-ஆம் ஆண்டில் எராஸ்மஸ் என்னும் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கின. பின்னாளில் அது இந்தியா முதலிய நாடுகளுக்கும் விரிந்தது. அங்கிருந்து ஒருவர் வருவது போன்று இங்கிருந்தும் ஒருவர் செல்லலாம். அப்படிச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் இம்மகளும் ஒருத்தி. ஐந்து மாதம், உதவித்தொகையும் உண்டு. தகப்பனார் கையெழுத்திடவேண்டிய படிவமோ மூன்று வாரங்களாக வீட்டு மாதா படத்தின் பின்னே செருகிக் கிடந்தது. அவர் மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. ஆகவே இந்த உலா விருந்தாளிக்காக மட்டும் அன்று என்பது தாளைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிற்று.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவிற்குப் பெயர்பெற்ற ஊர். தெருவில் கால் வைத்தவுடன் விசைத்தறிகளின் ஓசைதான் நம்மை எதிர்கொள்ளும். சனிக்கிழமை காலை நான் சென்றபோது, விருந்தாளி நெடுநேரத்திற்கு முன்பே எழுந்து, வீட்டின் பின்புறத் தறிக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். தகப்பனாருக்கோ ஒரே கூச்சம். "அங்கே என்ன இருக்கிறது சாமி, தூசியும் பஞ்சும்தான். நேரமாகிறது, அருவிக்குக் கிளம்பலாம் என்று சொல்லுங்கள்" என்றார். அவருடைய தாளில் தறிக்கொட்டகை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவளோ அசைவதாக இல்லை. பாவு எப்படி ஏறுகிறது, ஊடை எப்படி ஓடுகிறது, இழை அறுந்தால் தறியை நிறுத்தி எப்படி முடிச்சிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இழைகளை இவ்வளவு இடைவெளி விட்டு நெய்வது ஏன் என்று கேட்டபோது, தகப்பனாரின் கூச்சம் எங்கோ போய்விட்டது. வேட்டியைப் போல நெருக்கி நெய்தால் அது புண்ணுக்கு ஆகாது. இழை தளர்ந்திருந்தால்தான் காற்றுப் புகும், ஈரத்தை உறிஞ்சும். தறியிலிருந்து இறங்கும்போது துணி மங்கலாகவே இருக்கும். அதைக் காய்ச்சி வெளுத்து, கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் நீக்கிய பிறகே மருந்துக்கடைக்குப் போகும் வெண்மை வரும். இவற்றையெல்லாம் அவர் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் பெயர்க்க, விருந்தாளி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இத்துணி கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போகிறது என்றார் அவர்.

அவள் சிரித்தாள். பாம்பலோனாவில் புனித ஃபெர்மின் திருவிழாவின்போது, ஜூலை 7 முதல் 14 வரை நாள்தோறும் காலையில் காளைகளைத் தெருவில் ஓட்டுவார்கள், இளைஞர்கள் அவற்றின் முன்னே ஓடுவார்கள், கட்டுத்துணிக்கு அங்கே என்றும் வேலை உண்டு என்றாள். "எங்கள் அலங்காநல்லூரில் காளையை நாங்கள் பிடிக்க ஓடுவோம். அங்கே காளை உங்களைப் பிடிக்க ஓடுகிறதா?" என்று தகப்பனார் கேட்டார். அன்று முதன்முறையாக அவர் மகளின் உதவியை எதிர்பாராமல் கையை ஆட்டிப் பேசியது இந்தப் பேச்சில்தான்.

கொட்டகையிலேயே இரண்டு மணி நேரம் கழிந்தமையால் மற்ற இடங்கள் சுருங்கின. இராஜபாளையம் காந்தி கலை மன்றத்தை வெளியிலிருந்து காட்டினோம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தம் சொந்த வீட்டையே இம்மன்றத்திற்குக் கொடுத்துவிட்டார் என்று நான் சொன்னதை, தகப்பனார் விருந்தாளியைவிட உன்னிப்பாகக் கேட்டார். இவ்வளவு காலம் அவ்வழியே போய்வந்தும் தமக்கு அது தெரியாது என்றார். தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் ஊரின் பெயர் தாங்கிய வேட்டை நாயைக் கண்டோம். பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய நெட்டைப் பிராணி. 2005-ஆம் ஆண்டில் அஞ்சல்துறை இதன் உருவம் பொறித்துத் தபால்தலை வெளியிட்டது. நாய் எங்களைப் பொருட்படுத்தவில்லை.

அய்யனார் கோயில் அருவிக்குச் செல்லும் வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை முகில் சுற்றி நின்றது. ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்து சென்றோம். மழை மிகுந்தால் வனத்துறையினர் குளிக்க விடமாட்டார்கள். அன்று தடையில்லை. நீர் இதமாகக் குளிர்ந்திருந்தது. எனக்கு முழங்கால் வலி, ஆதலின் பாறையில் அமர்ந்து எல்லோருடைய செருப்புகளுக்கும் காவலிருந்தேன்.

இரவு உணவின்போதுதான் நான் மறக்கமாட்டாத பேச்சு நிகழ்ந்தது. வீட்டில் ஒரு தாத்தா உண்டு. காது சற்று மந்தம். விருந்தாளி எந்த ஊர் என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். பாம்பலோனா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. "சவேரியார் பிறந்த சீமை, தாத்தா" என்று பேத்தி உரக்கக் கூவினாள். கிழவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரே சவேரியாரின் பெயர்தான்.

விருந்தாளிக்கு இது விளங்கியபோது அவளும் உண்பதை நிறுத்தினாள். அவளுடைய ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சவேரியார் 1506-இல் பிறந்த கோட்டை. அவ்விடத்தின் பெயரையே நாம் சவேரியார் என்று மருவ வழங்குகிறோம். அவர்கள் நாவில் அது ஹவியேர். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நவார் நாட்டு மக்கள் அக்கோட்டைக்குக் கால்நடையாகத் திருப்பயணம் செல்வார்கள். அவளும் தன் தாயோடு நடந்திருக்கிறாள். பாஸ்கு மொழியில் அப்பெயருக்குப் புதுவீடு என்று பொருள் என்றாள். "எனக்குப் புதுவீடு என்றா பெயர்?" என்று தாத்தா தம் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்து நகைத்தார். அதற்குப்பின் இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கிழவர் தமிழில் செபம் சொல்வார், அவள் ஸ்பானிய மொழியில் அதே செபத்தைச் சொல்வாள். அருள்நிறை மந்திரம் எங்கே முடிகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியாரும் இவ்விடரைப் பற்றித்தான் கூறுகிறார். முத்துக்குளித்துறை மக்களின் மொழி ஒன்று, தம் தாய்மொழியாகிய பாஸ்கு மற்றொன்று. ஆகவே இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிச் சேர்த்து, பெருமுயற்சியோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்குரிய செய்தியாக மட்டுமே எனக்குத் தோன்றிற்று.

அதுவரை பரிமாறிக்கொண்டிருந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "சாமி, அவர் எத்தனை வயதில் வீட்டைவிட்டுப் போனார்?" என்று கேட்டார்.

"1525-இல், பத்தொன்பது வயதில் பாரிஸ் நகருக்குப் படிக்கப் போனார்."

"பிறகு வீட்டுக்கு வந்தாரா?"

அவர் திரும்பிச் சென்றதாக வரலாறு இல்லை. அவர் பாரிஸில் இருக்கும்போதே, 1529-இல், தாய் இறந்துபோனார். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆயினும் கேட்ட கேள்விக்கு மழுப்பலாக விடை கூற மனம் வரவில்லை. சொன்னேன். அம்மாள் ஒன்றும் பேசாமல் மகளின் இலையில் இன்னுமொரு கரண்டி சோறு வைத்தார். தகப்பனார் மாதா படத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். மகள் தலை நிமிரவில்லை. விருந்தாளிக்கு இதை எவரும் மொழிபெயர்க்கவில்லை. எனினும் ஏதோ ஒன்று நிகழ்ந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மறுநாள் திருப்பலிக்குப் பின் திருவில்லிபுத்தூர் சென்றோம். வெள்ளிக்கிழமை மாலை மதுரையிலிருந்து வரும்போதே பேருந்துச் சன்னலில் அவள் கோபுரத்தைக் கண்டிருந்தாள். பதினொரு நிலை, 192 அடி உயரம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இக்கோபுரமே என்று பெரும்பாலோர் சொல்வர். மதுரை மேற்குக் கோபுரம் என்பாரும் உளர். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு கோபுரங்களுக்கும் போதுமான பெருமை இதற்கு உண்டு.

வழிபடுவோர்க்குரிய உள்ளிடத்திற்குள் செல்லாமல் நாங்கள் வெளியே நின்றோம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பாம்பலோனாப் பேராலயத்தில் வழிபாட்டு நேரம் தவிர மற்ற வேளையில் சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கித்தான் நுழையவேண்டும், எது மேல் என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். பூக்கட்டுவோர் அருகில் நின்று நெசவாளரின் மகள் அவளுக்கு ஆண்டாளின் வரலாற்றைச் சொன்னாள். துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை, இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்த பெண், முப்பது பாடல்களாலான திருப்பாவையைத் தந்தவள். அவள் சூடிய மாலை இன்றும் இவ்வூரிலிருந்து திருப்பதி பிரம்மோற்சவத்திற்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. அவிலா நகரத்துப் புனித தெரேசாவைப் பள்ளியில் படித்த அப்பெண்ணுக்கு ஆண்டாளின் வேட்கை அந்நியமாகத் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றே என்று கூறிவிடும் அவசரம் எனக்கில்லை. ஆனால் இரு பெண்களும் தம் வீட்டார் எதிர்பார்த்த வழியில் போகவில்லை என்பதை நெசவாளரின் மகள் சொன்னபோது, அதை அவள் தன் தோழிக்குச் சொன்னாளா, பின்னால் நின்ற தகப்பனாருக்குச் சொன்னாளா என்று எனக்கு ஐயமாயிருந்தது.

பால்கோவாவைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேராத அவ்வினிப்பு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொதிக்கும் வாணலியருகே நின்று நெடுநேரம் துடுப்பால் கிளறும் மனிதரைப் பார்த்து, தன் நாட்டு மலையிடையர் செம்மறியாட்டுப் பாலில் காய்ச்சிய கற்களைப் போட்டுச் சூடேற்றி, பின் உறையவைத்துத் தேனோடு உண்பதை அவள் விவரித்தாள். அதிலும் சற்றுத் தீய்ந்த பால் மணம் இருக்குமாம். அம்மாள் அரைக் கிலோ வாங்கினார். பிறகு ஏதோ எண்ணிக்கொண்டு இன்னும் அரைக் கிலோ வாங்கி, "இது உன் அம்மாவுக்கு" என்று தமிழிலேயே சொல்லி அவள் பையில் வைத்தார்.

செண்பகத்தோப்பில், 1988-இல் சரணாலயம் அமைக்கப்பட்டதற்குக் காரணமான சாம்பல் நிற மலை அணிலைத் தேடினோம். இக்காடு 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகியிருக்கிறது. புலியைப் பற்றி அம்மாள் கேட்டதிலிருந்து நாங்கள் அதிக தூரம் செல்லவில்லை. மரக்கிளை ஒன்றிலிருந்து நீண்ட வால் தொங்கியது. அணில் இருந்திருக்கவேண்டும்.

மாலையில் இரு பெண்களும் திருவில்லிபுத்தூரிலேயே மதுரைப் பேருந்து ஏறினர். விருந்தாளி அம்மாளின் இரு கன்னங்களிலும் தன் நாட்டு வழக்கப்படி முத்தமிட்டாள். அம்மாளுக்கு வெட்கம் தாளவில்லை. பேருந்து நகர்ந்தபின், தம் தாய் அங்கே விமான நிலையத்திற்கே வந்து நிற்பார் என்று அப்பெண் கூறியதைத் தகப்பனார் என்னிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இராஜபாளையம் வந்து சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை. இறங்கியதும் கேட்டார்:

"சாமி, விமானச் சீட்டு எடுக்கும்போது, திரும்பி வருகிற சீட்டையும் சேர்த்தே எடுத்துவிட முடியுமா?"

"முடியும்."

"தேதி போட்டுக் கொடுப்பார்களா?"

"கொடுப்பார்கள்."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்திரப்பட்டிப் பேருந்து எங்கே நிற்கிறது என்று தேடுவதுபோல் அப்பால் திரும்பினார். வீட்டில் எழுதுவதற்கு ஒன்றும் சரியாக இராது என்று சொல்லி, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் பேருந்து ஏறினார்.