டிசம்பரில் ஒளிரும் வில்லியம்ஸ்பர்க்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றுக்கும் யார்க் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது வில்லியம்ஸ்பர்க். வாஷிங்டனிலிருந்து தெற்கே சுமார் 240 கிலோமீட்டர். 1699 முதல் 1780 வரை இதுதான் வர்ஜீனியாவின் தலைநகரம். ஆட்சி ரிச்மண்டுக்குப் போன பிறகு ஊர் ஓய்ந்துபோனது. வியாபாரம் பெருகாததால், பழைய வீடுகள் பலவற்றை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை.

1926இல் புரூட்டன் பாரிஷ் தேவாலயத்தின் போதகர் குட்வின், பெருஞ்செல்வர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியரின் துணையோடு ஊரை மீட்கத் தொடங்கினார். பிற்காலக் கட்டடங்களை நூற்றுக்கணக்கில் அகற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் எண்பதுக்கும் மேற்பட்டவற்றைச் செப்பனிட்டார்கள். அழிந்துபோன ஆளுநர் மாளிகையையும் சட்டமன்றத்தையும் பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்ப எழுப்பினார்கள். இப்படி உருவாகி, சுமார் 300 ஏக்கரில் விரியும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் கொல்லர் இரும்பு அடிக்கிறார், பீப்பாய் செய்பவர் பலகையை வளைக்கிறார், அச்சுக்காரர் எழுத்துக் கோக்கிறார். உடையும் கருவியும் அந்தக் காலத்தவை போலவே இருக்கின்றன.

டிசம்பர் வந்தால் ஊர் மாலையில்தான் களைகட்டும். ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கம்பங்களில் மாட்டிய இரும்புக்கூடைகளில் பிசின் ஊறிய பைன் கட்டைகள் எரியும். அந்தப் புகைமணம் தெருவெல்லாம் பரவும். கதவுகளில் ஆப்பிள், பைன் காய், சிப்பி ஓடு வைத்துக் கட்டிய பசுந்தழை வளையங்கள் தொங்கும். சன்னலுக்குச் சன்னல் மெழுகுவர்த்தி வடிவ விளக்கு. ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள டியூக் ஆஃப் குளோஸ்டர் தெருவில், 1958இல் தொடங்கிய குழல்-முரசுக் குழுவின் சிறுவர் சிறுமியர் வாசித்தபடி அணிவகுப்பார்கள். வார இறுதி இரவுகளில் வாணவேடிக்கையும் உண்டு. ‘பேரொளி விழா’ என்ற பொருளில் இந்த இரவு விழாவை ‘கிராண்ட் இல்யூமினேஷன்’ என்கிறார்கள்.

இந்தக் கோலம் 18ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்துமஸ் அல்ல. அன்றைய பண்டிகை வழிபாடு, விருந்து, உறவினர் வருகை என்ற அளவில் இருந்தது. சன்னல்களில் விளக்கேற்றியது மன்னரின் பிறந்தநாளுக்கும் போர் வெற்றிக்கும்தான். அரச கொண்டாட்டத்தின் அந்த வழக்கத்தை 1930களில் கிறிஸ்துமஸோடு சேர்த்தார்கள். கிறிஸ்துமஸ் மரமே இவ்வூருக்கு 1842இல்தான் வந்தது. மின்னிகெரோட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் அதை அலங்கரித்தார். எது பழையது, எது புதியது என்பதை அருங்காட்சியகமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. இந்த ஊர்மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம் அந்த நேர்மைதான்.

அந்த நேர்மை விழாவோடு நிற்கவில்லை. தலைநகராக இருந்த காலத்தில் இங்கு வாழ்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். விருந்து சமைத்ததும் விறகு சுமந்ததும் அவர்களே. அவர்களின் கதைக்கு இங்கே நெடுங்காலம் உரிய இடம் கிடைக்கவில்லை. இப்போது அது மாறிவருகிறது. 1760 முதல் 1774 வரை கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த பிரே பள்ளியின் முதல் கட்டடத்தை அடையாளம் கண்டு, 2023இல் பழைய ஊர்ப் பகுதிக்கே நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

தெருக்களில் நடக்கக் கட்டணம் கிடையாது. வீடுகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் சீட்டு வாங்க வேண்டும். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பட்டறைகளையும் பிரே பள்ளியையும் பார்த்துவிட்டு மாலை விழாவுக்கு வாருங்கள். யார் உழைப்பில் எழுந்த ஊர் என்று தெரிந்தபின் பார்த்தால்தான் அந்த ஒளி முழுமையாகும்.