இருபது போர்

போர் என்பது ஆங்கிலச் சொல் என்று அறியாத வயதில், தாத்தாவிடம் இருந்த இரண்டு துப்பாக்கிகளும் அவை கண்ட யுத்தங்களின் எண்ணிக்கையால் அழைக்கப்படுகின்றன என்றே நாங்கள் நம்பியிருந்தோம். ஒன்று பன்னிரண்டு போர். மற்றது இருபது போர். இருபது யுத்தம் கண்டது ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் நெடுநாள் தீராத ஐயம்.

சென்ற ஆண்டு பெரியப்பா காலமானார். தாத்தாவுக்குப்பின் உரிமம் அவர் பெயரில் இருந்தது. உரிமம் பெற்றவர் மறைந்துவிட்டால் துப்பாக்கியை வாரிசுகள் வீட்டில் வைத்திருக்கலாகாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் தம் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே சட்டம் எங்களைத் தேர்வு செய்யச் சொல்லவில்லை. தாண்டிக்குடிக்கு மேலே, காப்பிச்செடிகளுக்கு நடுவிலுள்ள அந்த வீட்டின் திண்ணையில் இரண்டையும் பிரித்து எண்ணெய் போட்டபடி, எதை வைத்துக்கொள்வது என்ற பேச்சை நாங்களாகவே தொடங்கினோம்.

எண்ணின் புதிர் எளியது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று சரியாக நுழையும் குழல் பன்னிரண்டு போர். இருபது உருண்டைகளாக்கினால் உருண்டை சிறிது, குழலும் சிறிது. முன்னதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், பின்னதன் உள்விட்டம் 15.6. சிறிய குழலிலிருந்து புறப்படும் ரவை மெதுவாகப் போகும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது பிழை. வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், ரவைகளின் எண்ணிக்கைதான் குறைவு. ஆங்கிலேயர் கணக்கில் ஆறாம் நம்பர் ரவை அவுன்சுக்கு 270. அவர்களுடைய வழக்கமான பன்னிரண்டு போர் தோட்டாவில் ஏறத்தாழ 287 ரவைகள் இருக்கும். முக்காலே அரைக்கால் அவுன்சு கொள்ளும் இருபது போர் தோட்டாவில் 236.

இந்த ஐம்பது ரவையின் பேதத்தில்தான் எங்கள் குடும்பத்தின் ஒரு வழக்கு அடங்கியிருக்கிறது.

தாத்தா வேட்டையாடியது காட்டுக்கோழியை. சாம்பல் நிறம், சேவலின் கழுத்தில் மெழுகைச் சொட்டவிட்டதுபோல் மஞ்சளும் வெள்ளையுமான பொட்டுகள். அந்தக் கழுத்திறகுக்காகவே, மீன் தூண்டிலில் கட்டும் போலிப்பூச்சி செய்ய, மேலைநாட்டார் ஒரு காலத்தில் பெருவாரியாக வாங்கிச் சென்றார்கள். வீட்டுச்சேவல்போல் இழுத்துக் கூவாது. இடையில் முறிந்துபோகும் குரல். 1845இல் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்கப் பாதிரிமார்களின் நாட்டில் காட்டு வான்கோழி எப்படியோ, அப்படி எங்கள் மலையில் இது. உயரப் பறக்காது, ஓடி மறைவதில் அதற்கு நிகரில்லை.

1960களின் நடுவில் ஒருநாள், பன்னிரண்டு போரால் தாத்தா நெடுந்தூரத்தில் ஒரு சேவலைச் சுட்டார். அது விழுந்தது, எழுந்தது, உண்ணிச்செடிப் புதருக்குள் போயிற்று. உடன்வந்த பளியர் இருட்டும்வரை தேடினார். மறுநாள் காலை அவரே அதைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். ஒரு கால் இல்லை, உயிர் இருந்தது. பாட்டி அதைத் தொடவில்லை. “முருகன் கொடியில நிக்கிறதைச் சுடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். சுட்டதுதான் சுட்டீங்க, ஒழுங்கா சாகுற மாதிரியாவது சுடக்கூடாதா?” என்று மட்டும் கேட்டாராம். பழனியாண்டவர் மலைக்குப் போகுமுன் நின்ற இடம் என்று ஐதீகம் சொல்லும் ஊரில், அது சிறிய பேச்சல்ல.

அந்த ஆண்டே மதுரைக்குப் போய் ஒரு பழைய இருபது போர் இரட்டைக்குழலை வாங்கிவந்தார். “பன்னெண்டு கையில இருந்தா தூரம் தெரியாது” என்பது கேட்டவர்க்கெல்லாம் அவர் சொன்ன விளக்கம். பாட்டியின் விளக்கம் வேறு: வலத்தோளில் வாயு பிடித்து, ஒவ்வொரு ஞாயிறும் தைலம் தேய்த்துத் தன் கை சலித்துப்போயிற்று, இலேசான துப்பாக்கி வந்ததும் தைலம் நின்றது, அவ்வளவுதான். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மனிதர் நல்ல காரியங்களைத் தோள்வலிக்காகவும் செய்வதுண்டு.

1970இல் குறிஞ்சி பூத்து விதை உதிர்ந்த பருவத்தில், விதைக்குக் கூட்டமாக வந்த கோழிகளைத் தேடி மேல்மலைக்குப் போனார். நான்கு தோட்டாக்களோடு போய், மூன்றைத் திரும்பக் கொண்டுவந்தார் என்பது வீட்டுக்கதை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாமாகவே நிறுத்திக்கொண்டார். 1991ஆம் ஆண்டுத் திருத்தம் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் மூடியபோது அவருக்கு அது செய்தியாகவே படவில்லை.

நாங்கள் இலேசான துப்பாக்கியைக் கருணையின் அடையாளமாகக் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், 1978 கோடை விடுமுறையில், அவரே அந்த எண்ணத்தை உடைத்தார். பலாமரத்தில் தினசரித்தாளை விரித்துக் கட்டி, இருபத்தைந்து அடி எடுத்து வைத்து நின்று இருபது போரால் சுட்டார். பிறகு புதுத்தாள், நாற்பது அடிவைப்பு. எங்களிடம் ஆளுக்கொரு பென்சில் கொடுத்து ஓட்டைகளை வட்டமிட்டு எண்ணச் சொன்னார். முதல் தாள் சல்லடையாய் இருந்தது. இரண்டாவதில், தலையங்கத்துக்குக் கீழே, உள்ளங்கை இரண்டை வைத்தாலும் ஓட்டை படாத வெற்றிடம். “இதுக்குள்ள ஒரு கோழி நிக்கும். ஓரத்துல ரெண்டு ரவை வாங்கிட்டு ஓடும். சின்னத் துப்பாக்கி பாவம் பார்க்காது. நாமதான் கிட்டப் போகணும். போக முடியலைன்னா வீட்டுக்கு வரணும்.”

இன்று அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்காரர்கள் இருபது போருக்கும் அதனினும் சிறியதற்கும் மாறிவருகிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, அவர்கள் இடும் டங்ஸ்டன் ரவையின் அடர்த்தி 18. கனமான உலோகமாகையால் சிறிய ரவையே போதுமான ஆழம் பாய்கிறது; சிறிய ரவையாகையால் சிறிய தோட்டாவிலும் எண்ணிக்கை நிறைகிறது. தாத்தாவின் தாளிலிருந்த வெற்றிடத்தை அவர்கள் பணம் கொடுத்து அடைத்துவிட்டார்கள். அடைத்தவுடன் மறுபடி தூரம் தெரியாமல் போகுமே என்று அவர் கேட்டிருப்பார்.

தோட்டாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பன்னிரண்டுக்கு நம் நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலைத் தோட்டா எங்கும் கிடைத்தது. இருபதுக்கு வெளிநாட்டுச் சரக்குதான். காகிதக் கூடு, மலைப்பனியில் ஊதி, குழலில் நுழையாது. ஆகவே தகர டப்பாவில் சுண்ணாம்புக் கட்டியோடு வைத்திருந்தார். இரண்டு டப்பாக்களும் இரண்டு அறைகளில். இருபது தோட்டா தவறிப் பன்னிரண்டுக் குழலில் விழுந்தால் உள்ளே வழுக்கிச்சென்று சிக்கிக்கொள்ளும். அறியாமல் பின்னால் மற்றொன்றை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். இருபது தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்பது இதனால் வந்த வழக்கம்.

பெரியப்பா காலத்தில் இருபது போர் சுவரைவிட்டு இறங்கியது தேர்தல்களுக்காக மட்டுமே. ஒப்படைக்க ஒருமுறை, திரும்ப வாங்க ஒருமுறை. பன்னிரண்டு மட்டும் வாழைத்தோட்டத்தில் காட்டுப்பன்றிகளை விரட்ட வானத்தைப் பார்த்துச் சில முறை வெடித்தது.

அண்ணன் இருபதை வைத்துக்கொள்ளலாம் என்றார். உரிமம் கேட்கும்போது காரணம் எழுதவேண்டுமே என்றார் தம்பி. பயிர்க்காவல் என்று எழுதினால் அந்தத் துப்பாக்கிக்கு அது பொய். தாத்தாவின் நினைவு என்று எழுத விண்ணப்பத்தில் இடமில்லை. மாலைவரை வேறு காரணம் அகப்படவில்லை.

இரண்டையுமே ஒப்படைத்தோம். காவலர் எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, இருபதைக் கையில் தூக்கிப்பார்த்து, “இது பிள்ளைங்க துப்பாக்கியா சார்?” என்று கேட்டார். ஆமென்றோம். பழைய உரிமப் புத்தகத்தை அவரிடம் நீட்டுமுன் உள்ளிருந்து மடித்த தாளொன்றை அண்ணன் உருவிக்கொண்டார். இரண்டாவது தாள். வட்டங்களில் பாதி அவர் போட்டவை, பாதி தம்பி போட்டவை. தம்பியின் வட்டங்கள் கோணலாக இருக்கும்.