பாலகாட் வீட்டிற்கு ஒரு கிட்டார்



கோலார் தங்கவயலின் பாலகாட், ஒரு சுரங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், சுரங்கத்தில் இறங்கிய தகப்பன்மாரின் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகப் பெங்களூர் இரயிலை நாடினர். சயனைடு மண்மேடுகளும் வரிசை வீடுகளும் அங்கேயே நிற்கின்றன. ஆராதனையில் கிட்டார் வாசித்த வாலிபனோ கிட்டாருடன் நகரத்திற்குச் சென்றுவிடுகிறான். வீட்டிலுள்ள தம்பி தங்கையர் எதில் கற்பார்கள்?

ஆகவே, நகரத்திலிருக்கும் நீங்கள் இரண்டாவது கிட்டார் ஒன்றை வாங்கி ஊரில் வையுங்கள். அது விலையுயர்ந்ததாய் இருக்க வேண்டியதில்லை. முழுப்பலகை முகப்புள்ள கிட்டார் அதிக இனிமையாய் ஒலிக்கும். ஒட்டுப்பலகை முகப்புள்ளதோ விலை குறைவு; வெயிலையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். பல கைகள் பழகும் வீட்டிற்கு அதுவே போதும்.

பழைய கிட்டாரானால் கையில் எடுத்துச் சோதியுங்கள். கழுத்து வளைந்திருக்கிறதா என்று நீளவாக்கில் பாருங்கள். 12ஆம் ஃபிரெட்டின்மேல் கம்பியின் உயரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இளம்விரல்கள் அதிகம் நோகாது. ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி, கம்பி இரைகிறதா எனக் கேளுங்கள். பிரிட்ஜ் பலகையைவிட்டு எழும்பியிருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நைலான் கம்பிக்குரிய கிட்டாரில் இரும்புக் கம்பி பூட்டாதிருங்கள். அந்த இழுவிசையை அது தாங்காது.

புதிய கம்பிகளுக்கும் பழுதுபார்ப்பவரின் கூலிக்கும் பணம் ஒதுக்கி, மீதிக்குள் வாங்குங்கள். இதற்காகக் கடன்பட வேண்டாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது, அதைப் பரண்மேல் ஏற்றிவைக்காமல் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.