கள் சரி, எதில் ஊற்றுவீர்கள்?

இங்கிலாந்தில் பீரையும் ஆப்பிள் சிடரையும் சரிபாதி கலந்து ஸ்னேக்பைட் என்கிறார்கள். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் புளித்த கள்ளில் தெளுவு கலந்து குடித்ததாகத் தாத்தா சொல்வார். பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் தெளுவு, தடவாவிட்டால் கள், வித்தை அவ்வளவுதான். பண்ணையத்தில் இருந்த தாத்தாவுக்கு அது சொம்பில் வரவில்லை. தோட்டத்துக்காரர் எட்ட நின்று ஊற்ற, கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்தார்.

1987 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கள் உணவு, தடையை நீக்கு என்று கொங்கு விவசாயிகள் பல வருடமாகப் போராடுகிறார்கள். பிராந்தியை அரசே விற்கும்போது கள்ளை மட்டும் தடுப்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் டாஸ்மாக்கில் (அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை) காசு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே பாட்டில். டீக்கடை இரட்டைக் குவளையையே முழுசாக ஒழிக்காத நம் ஊர்களில், நாளை தோப்போரம் கள்ளுக்கடை திறந்தால் எங்களுக்கு எதில் ஊற்றுவீர்கள்? கோரிக்கையில் அதற்கும் ஒரு வரி சேருங்கள், பந்தலுக்கு நாங்களும் வருகிறோம்.