கான்களும் கரைகளும் வரைபடத்தில் ஏற வேண்டும்

அட்டன் மலையில் விழும் மழைக்கு இரண்டு வழிகள் உண்டு. கொட்டகலைப் பக்கம் விழும் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. நோர்வூட் பக்கம் விழும் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கி, பின்னர் மஸ்கெலியா ஓயாவுடன் கூடி, களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகிறது. எனவே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கான் மண்ணால் அடைபட்டால் அது அந்தத் தோட்டத்து மக்களின் கவலை மட்டுமல்ல. ஆற்றின் அடுத்த முனையில் இருக்கும் எங்களுடைய கவலையும்தான்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இதை எல்லோருக்கும் காட்டியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அதே நாட்களில் கீழே மாவிலாற்றுக் கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் புகுந்தது. 2006இல் யுத்தத்தால் நாம் கேட்ட அந்தப் பெயரை இம்முறை வெள்ளத்தால் கேட்டோம்.

இந்தப் புயலுக்குப் பிறகு அட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அச்சடித்த வரைபடத் தாள் ஒன்றும், ஒரு பென்சிலும், கைத்தொலைபேசியும் கொண்டு போனேன். வெள்ளத்தையும் மண்சரிவையும் தடுத்து நிற்பவை எவை, அவற்றில் எவை வரைபடத்தில் இருக்கின்றன என்று அங்குள்ள பெண்களோடு நடந்து பார்ப்பதே நோக்கம்.

நான் கொண்டு போனது 'ஓபன் ஸ்ட்ரீட் மெப்' எனப்படும் திறந்த வரைபடம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தாம் அறிந்ததைச் சேர்க்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். இடப்பெயர்களைத் தமிழிலும் எழுதலாம். 2010இல் ஹெயிட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தொண்டர்கள் சில நாட்களிலேயே அந்நாட்டுத் தலைநகரின் வீதிகளை இதில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். எமது நாட்டிலும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து, மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவில் கட்டடங்களையும் வீதிகளையும் இதே வரைபடத்தில் ஏற்றியிருக்கின்றன.

ஆனால் தோட்டத்துக்கான தாளில் ஒரு பெரிய வீதியும், ஓர் ஆறும், பச்சை நிறமும்தான் இருந்தன. என்னோடு வந்த வயதான அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம லயம் எங்க தங்கச்சி? கானு ஒண்ணுகூட இல்லையே" என்றார்.

அவர் கேட்ட கேள்வி மிகச் சரியானது. கான் என்பது தேயிலை மலையின் குறுக்கே வெட்டப்படும் வடிகால். மலைச்சரிவில் ஓடி வரும் நீரை மெதுவாக்கி, பக்கவாட்டில் ஓடைக்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. கானுக்குள்ளே இடையிடையே சிறு தடுப்பு விட்டிருப்பார்கள். மண் அங்கே தங்கும், தண்ணீர் மேலால் வழியும். தங்கிய மண்ணை அள்ளி மேலே போட வேண்டும். அள்ளாமல் விட்டால் கான் நிரம்பி, நீர் நேரே கீழே பாய்ந்து லயத்தின் பின்சுவரை இடிக்கும். செய்மதியிலிருந்து எடுத்த படத்தில் இந்தக் கான் தெரியாது. தேயிலைச் செடி அதை மூடியிருக்கும். கொழுந்து பறிக்கவும் புல் வெட்டவும் தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கே அது தெரியும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அன்று நாங்கள் நான்கு வகையானவற்றைக் குறித்தோம். முதலாவது கான்கள். இரண்டாவது, வீதிக்கும் லயங்களுக்கும் மேலே மண்ணைத் தாங்கி நிற்கும் கற்சுவர்கள். மூன்றாவது, ஓடைக்கரையிலும் மலை உச்சியிலும் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள். நான்காவது, மழைநீர் தேங்கி மெல்ல வடியும் பள்ளத்தாக்குச் சதுப்புகள். முதல் இரண்டும் மனிதர் கட்டியவை. பின் இரண்டும் இயற்கை தந்தவை. காடு மழையின் வேகத்தைக் குறைத்து, வேர்களால் மண்ணைப் பிடித்து நிற்கிறது. கோப்பிக்காக மலைக்காடுகள் கண்மூடித்தனமாக அழிக்கப்பட்ட பின்னர், 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்கும்படி ஆலோசனை சொன்னார். உச்சிகளில் இன்றும் காடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குக் கீழே மிஞ்சியவை சிறு துண்டுகளே. அவற்றுக்குப் பெயரும் இல்லை, வரைபடத்தில் இடமும் இல்லை.

பெயர் இல்லாததை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. இதுதான் நான் அங்கே கண்ட முக்கியமான விடயம். ஒரு கற்சுவர் வரைபடத்தில் இருந்தால், "இந்த இடத்துச் சுவர் பிளந்திருக்கிறது, திருத்தித் தாருங்கள்" என்று தோட்ட நிர்வாகத்திடமோ பிரதேச சபையிடமோ இடத்தைக் காட்டிக் கேட்கலாம். தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவை செய்வதற்குச் சட்டத்தில் இருந்த தடை 2018இல் தான் திருத்தப்பட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்த, கேட்பது எந்த இடம் என்று காட்டத் தெரிய வேண்டும். தோட்டம் முழுவதற்கும் ஒரே தபால் முகவரி இருக்கும் நிலையில், லயத்துக்கு ஒரு பெயரும் வரைபடத்தில் ஒரு புள்ளியும் கிடைப்பது சிறிய காரியமல்ல. மீட்க வருபவர் எந்த லயத்துக்கு வர வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.

வரைபடம் மட்டும் உயிரைக் காக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. அது ஆபத்தான இடம் என்பது முன்னரே தெரிந்திருந்தது. தெரிந்தது மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றும் செயலாக மாறவில்லை. அதனால் சுவரைக் குறிக்கும்போதே, மழை கூடினால் எந்தப் பாதையால் எங்கே போவது என்பதையும் குறித்தோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 ஆனால், வெளியேறிவிட வேண்டும். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமான, அடி தட்டையான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும், ஓரளவு கணக்குத் தெரிந்துவிடும்.

சகோதரிகளே, வரைபடம் என்றதும் எம்மில் பலருக்கு மனம் கலங்கும். வரைபடத்தில் கோடு போட்டவர்கள் எமது காணியை எடுத்ததும் உண்டு. அதேவேளை கண்ணிவெடி இருக்கும் நிலம் எது என்று குறித்து வைத்ததால் எமது பிள்ளைகளின் கால்கள் தப்பியதும் உண்டு. திறந்த வரைபடத்தை எவரும் பார்க்கலாம் என்பதால் அதில் எதைப் போடக்கூடாது என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டும். தனியாக வாழும் பெண்ணின் வீட்டை இன்னாருடையது என்று குறிக்க வேண்டாம். ஆட்களின் பெயர் வேண்டாம். சுவர், கான், மதகு, பாதை, காடு, சதுப்பு, ஒதுங்கக்கூடிய பாடசாலை, கோயில் ஆகியவை போதும். இன்னொன்று, உடைந்துபோன சுவரை நல்ல சுவராகக் காட்டும் வரைபடம் இல்லாத வரைபடத்தைவிட ஆபத்தானது. ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னரும் பின்னரும் நடந்து பார்த்துத் திருத்த வேண்டும்.

மாலையில் பென்சில் குறிகள் நிறைந்த தாளை அந்த அம்மாவின் பேத்தி கைத்தொலைபேசியில் ஏற்றத் தொடங்கினாள். பாடசாலையில் கணினி படிக்கும் பிள்ளை. பாட்டி இடம் சொல்ல, பேத்தி விரலால் கோடு இழுத்தாள். "அந்தக் கானு நேரா போகாது புள்ள, பீலிக்கிட்ட வளையும்" என்று பாட்டி திருத்தினார். ஐம்பது வருடம் அந்த மலையில் நடந்த கால்களின் அறிவு அது. எந்தச் செய்மதியிலும் அது இல்லை.

எமது ஊர்களிலும் இப்படிப்பட்ட அறிவு நிறைய உண்டு. எந்தக் குளக்கட்டில் எலி வளை இருக்கிறது, எந்த மதகு குப்பையால் அடைபட்டிருக்கிறது, எந்த இடத்துக் கண்டல் காட்டை வெட்டிய பிறகு கடல்நீர் உள்ளே வருகிறது என்பது தண்ணீர் அள்ளவும் விறகு பொறுக்கவும் போகும் எமக்குத்தான் முதலில் தெரிகிறது. மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். வயதான ஒருவரையும் பாடசாலைப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு, ஒரு தாளும் பென்சிலுமாகக் கட்டு வழியே நடந்து பாருங்கள். அடுத்த மாரிக்கு முன்னர் அதைச் செய்துவிடுவது நல்லது.