ரெட் யாருடையது? சில குறிப்புகள்

சி மொழியில் ஒரு எனம் (enum, பெயரிட்ட மாறிலிகளின் பட்டியல்). பெயர் கலர். அடைப்புக்குறிக்குள் ரெட், கிரீன்.

எழுதுவதுதான் உள்ளே. ரெட் என்ற பெயர் இருப்பதென்னவோ எனத்துக்கு வெளியே.

அதே கோப்பில் சிக்னல் என்று இன்னொரு எனம். அதிலும் ரெட். கம்பைலர் விடாது.

பழைய கோடில் கலர்_ரெட், சிக்னல்_ரெட் என்று முன்னொட்டு போட்டே எழுதியிருப்பார்கள். மொழி செய்யாததைக் கை செய்தது.

ஸ்ட்ரக்டுக்குள் எனம் வைத்தால்? சி-யில் அப்போதும் வெளியே வந்துவிடும். சி++-இல் உள்ளேயே நிற்கும். ஹெடர் ஒன்றுதான், மொழிக்கு மொழி அர்த்தம் வேறு.

இன்னொன்று. வெளியே எக்ஸ் என்றொரு மாறிலி, மதிப்பு 12. உள் பிளாக்கில் ஒரு எனம், அதில் எக்ஸ் = எக்ஸ்.

சி++-இல் செல்லும். வலப்பக்க எக்ஸ் பழையது. புதியதற்கும் 12.

எனம் இல்லாமல் வெறும் இன்ட் எக்ஸ் = எக்ஸ் என்றால்? அது தன்னையே பார்த்துக்கொள்ளும். குப்பை மதிப்பு.

யார் இப்படி எழுதப்போகிறார்கள்? ஆனாலும் சி++ தரநிலை ஆவணத்திலேயே உதாரணமாக இருக்கிறது. யாரோ மெனக்கெட்டு யோசித்திருக்கிறார்கள்.

சி++11: எனம் கிளாஸ். ரெட் இனி வெளியே வராது. ஒவ்வொரு முறையும் கலர்::ரெட்.

சி++20: யூசிங் எனம். மறுபடி வெளியே விட ஒரு வழி.

எனம் கிளாஸும் காப்பாற்றாத இடம் உண்டு. விண்டோஸ் ஹெடர் ஒன்றில் எரர் என்று மேக்ரோ. மதிப்பு 0. எனம் கிளாஸுக்குள் எரர் என்று எழுதிப் பாருங்கள். கம்பைலர் கண்ணில் படுவது 0 மட்டும். தேடத் தொடங்கும் முன்பே பெயர் காணாமல் போயிருக்கும்.

அடா மொழியில் இரண்டு எனத்திலும் ரெட் இருக்கலாம். எது வேண்டும் என்பதை இடம் பார்த்துக் கம்பைலரே தீர்மானிக்கும். 1983-லேயே. அடாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதற்காகவாவது பேசலாம்.

ஜாவா ஸ்விட்சில் எனம் கிளாஸுக்குத் தலைகீழ். முன்பு கேஸில் வெறும் ரெட்தான் சென்றது, கலர்.ரெட் என்றால் பிழை. ஜாவா 21-இல்தான் விட்டார்கள்.

ரஸ்ட் மேட்சில் வெறும் ரெட் எழுதினால் அது புது மாறி. எந்த நிறம் வந்தாலும் அதில் விழும். முன்பு எச்சரிக்கையோடு விட்டது. இப்போது பிழை என்றே நிறுத்துகிறது.

நிக்லாஸ் விர்த். பாஸ்கலில் எனத்தைக் கொடுத்தவர். பிறகு தன் ஓபரான் மொழியில் அதை எடுத்தே விட்டார்.

அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: டைப்பின் பெயரை மட்டும் இறக்குமதி செய்தாலும் உறுப்புப் பெயர்கள் அத்தனையும் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கென்றே தனியாக ஒரு விதிவிலக்கு. கம்பைலர் எழுதுபவருக்குத் தலைவலி.

ஓபரானில் எண் மாறிலிகள்தான். ரெட் வேண்டுமா, 0 என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.